ஆறாத புண்ணும் கையிலிருக்கும் போனும்

(கோணேசர் கோயிலைத் தரிசிக்கத் திருகோணமலைக்கு வந்த தோட்டக் குடும்பங்களின் மத்தியில், துறைமுகப் பகுதியில் நீண்டகாலம் தாதியாகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



கோயிலுக்குப் போய்விட்டுக் களைத்து வந்திருக்கிறீர்கள். சாப்பாடும் ஆகிவிட்டது. கண்ணைச் சொக்கும் நேரத்தில் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். அதனால் பெரிய பிரசங்கம் எல்லாம் செய்யப் போவதில்லை. வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய ஒரே ஒரு விசயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். பிள்ளைக்காம்பராவில் வளர்ந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, தாதிப் படிப்பு முடித்து இந்தத் துறைமுகப் பக்கம் வேலைக்கு வந்தேன். 1977லும் 1983லும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் மலையை விட்டு வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் வந்தன. அந்த மக்கள் வார்ட்டுக்கு வந்தால், அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

முதலில் என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். அப்பா கவ்வாத்து வேலைக்காரர். சின்ன வயதில் அடுப்படியில் கொதி தண்ணீர் கொட்டி, இடது கெண்டைக்காலில் பெரிய தழும்பு. அந்தத் தழும்போடு நாற்பது வருடம் மலை ஏறி இறங்கினார். 1994இல் அந்தத் தழும்பு நடுவில் ஒரு சின்னப் புண் வந்தது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துவிட்டேன் என்றார். இலை அரைத்துக் கட்டினார். பிறகு மருந்துக் காம்பராவில் களிம்பு வாங்கிப் பூசினார். புண் கொஞ்சம் காய்வது போல இருக்கும், மறுபடி வெடிக்கும். வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வரும்போதெல்லாம் "அப்பாவுக்குப் புண் ஆறி வருது" என்றுதான் எழுதியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசு வேறு. இப்படியே எட்டு மாதம்.

எட்டு மாதம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், அது இப்போது முக்கியமில்லை. துண்டில் எழுதியிருந்தது "காலில் புண்" என்று இரண்டே வார்த்தை. காலில் புண்ணோடு எத்தனை பேர் வருவார்கள்? கல்லு வெட்டினவர், முள்ளுக் குத்தினவர், சீனி வருத்தக்காரர். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் துண்டும் ஒன்று. மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்த உடனேயே முகம் மாறிவிட்டதாம். பழைய தழும்பில் வந்த புற்றுநோய். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அப்பா உயிர் தப்பினார், கட்டைக் காலோடு இன்னும் பதினான்கு வருடம் இருந்தார். ஆனால் மலைக்குத் திரும்பப் போகவேயில்லை.

நான் தாதி. என் கையால் எத்தனையோ பேருக்குப் புண் கட்டியிருக்கிறேன். என் அப்பாவின் புண்ணை மட்டும் நான் பார்க்கவில்லை. கடிதத்தில்தான் படித்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் மனது கேட்காது.

யார் முந்தி?

நம்முடைய மடுவத்தில் கொழுந்து நிறுப்பதற்கு வரிசையில் நிற்கிறோம். அங்கே முந்தி வந்தவர் முந்தி நிறுப்பார், அதுதான் நியாயம். ஆஸ்பத்திரி வரிசை அப்படி இருக்கக் கூடாது. பத்து வருடமாக ஒரே மாதிரி இருக்கிற மச்சக்காரர் முந்தி வந்தார் என்பதற்காக, ஆறு மாதமாக இரத்தம் கசிகிற புண்காரர் பிந்தக் கூடாது. யாரை முந்திப் பார்ப்பது, யார் கொஞ்சம் பொறுத்து வரலாம் என்று பிரிப்பது வைத்தியத்தில் ஒரு தனி வேலை. ஆனால் "காலில் புண்" என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரால் பிரிக்க முடியும்? துண்டோடு ஒரு நல்ல படமும் போயிருந்தால், பார்த்த கண்ணுக்கு அது சாதாரணப் புண் இல்லை என்று விளங்கியிருக்கும். அப்பாவின் துண்டு கட்டின் அடியிலிருந்து மேலே வந்திருக்கும்.

இந்த யோசனை புதியதில்லை. இந்தத் துறைமுகத்துக்குக் கப்பலில் வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நடுக்கடலில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் டொக்டருக்கு எங்கே போவது? 1935இல் ரோமாபுரியில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். வானொலியைத் தந்த மார்க்கோனிதான் அதன் முதல் தலைவர். எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும், மாலுமிக்கு என்ன செய்கிறது என்று வானொலியில் சொன்னால், கரையிலிருக்கும் டொக்டர் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லுவார். இருக்கிற மருந்தைக் கொடுத்துச் சமாளிக்கலாமா, கப்பலைப் பக்கத்துத் துறைமுகத்துக்குத் திருப்ப வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். அந்தக் காலத்தில் வாய் வார்த்தை மட்டும்தான். இன்றைக்குப் படமும் அனுப்புகிறார்கள்.

தோட்டமும் ஒரு கப்பல் மாதிரிதானே? டிவிசனிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம் ஆகும் இடங்கள் உண்டு.

இங்கிலாந்தில் தோல் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு அனுப்பப்படுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. அதனால் பல இடங்களில் முதலில் படத்தை வாங்கித் தோல் நிபுணர் பார்க்கிறார். கொவிட் காலத்தில் நோயாளிகளே வீட்டிலிருந்து படம் எடுத்து அனுப்புவதும் பெருகியது. அண்மை வருடங்களில் நம் நாட்டிலும் தொழுநோய்த் தடுப்பு இயக்கத்தினர், தோலில் சந்தேகமான தேமல் இருந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். வெட்கத்தால் கிளினிக்குக்கு வராதவர்கள்கூட படம் அனுப்புவார்கள் அல்லவா? இந்தியாவில் பெங்களூர்ப் பக்கம், சுகாதார ஊழியர்கள் கிராமங்களுக்குப் போய் வாய்க்குள் இருக்கும் வெள்ளைத் திட்டைப் போனில் படம் பிடித்து, நகரத்திலுள்ள நிபுணருக்கு அனுப்பினார்கள்.

நம் உடம்பில் எங்கே பார்ப்பது?

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரருக்குத்தானே வரும் என்று கேட்பீர்கள். அவர்களுக்கு அது அதிகம், உண்மைதான். நமக்குக் குறைவு. குறைவு என்பதால்தான் யாரும் நினைப்பதில்லை, பிந்திக் கண்டுபிடிக்கிறோம். நமக்கு வந்தால் வருகிற இடமும் வேறு. ஐந்து இடம் சொல்கிறேன்.

ஒன்று, உள்ளங்கால், உள்ளங்கை, நகம். ஓட்டோக்களிலும் ரீசேட்டுகளிலும் பொப் மார்லியின் படம் போட்டிருக்கிறதைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். ஜமேக்கா நாட்டுப் பாடகர். 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதற்கு முந்தி பந்தடித்த காயம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. நகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருப்பது நம் நிறத்தவருக்குச் சாதாரணம். அந்தக் கோடு ஒரே விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டு போனால், அல்லது கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவினால், காட்ட வேண்டும்.

இரண்டு, பழைய தழும்பு. குப்பி லாம்பு சுட்டது, கொதி தண்ணீர் பட்டது, வருடக்கணக்காக ஆறாத கால் புண். இருபது முப்பது வருடம் கழித்துக்கூட அதில் நோய் வரலாம். தழும்பில் புதிதாகப் புண்ணோ சதை வளர்ச்சியோ வந்தால் விடக் கூடாது.

மூன்று, இடுப்பு. இது அம்மாமாருக்கு. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் படங்கையும் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறோம். வேட்டி இறுகும் இடுப்பில் வரும் புற்றுநோயைப் பற்றி இந்திய வைத்தியர்கள் 1945இலேயே எழுதினார்கள். 2024இலும் பாவாடை நாடா அறுத்த இடத்தில் புற்றுநோய் வந்த இரண்டு இந்தியப் பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் வெளிவந்தது. இது மிகவும் அபூர்வம், பயப்பட வேண்டாம். நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அகலமான பட்டி வையுங்கள். அங்கே புண் வந்தால் மஞ்சள் பூசி மறைக்காதீர்கள்.

நான்கு, வெயில் படுகிற முகம், காது, உதடு. ஒரு மச்சத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, ஓரம் கிழிந்தது போல இருக்கிறது, பல நிறம் கலந்திருக்கிறது, பென்சிலின் பின்பக்க அகலத்தை விடப் பெரியது, எல்லாவற்றுக்கும் மேலாக நாளுக்கு நாள் மாறுகிறது என்றால் கவனம்.

ஐந்து, வாய். வாய்க்குள் இருப்பது தோல் இல்லை என்றாலும் அதையும் சேர்த்தே பாருங்கள். இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் பக்கத்துப் புற்றுநோய்தான். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடுகிறோம் என்று சொல்லுவீர்கள். பொகயிலை இல்லாமல் பாக்கு மட்டும் என்றாலும் அதுவும் புற்றுநோய் தரும் பொருள்தான் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் வகைப்படுத்தியது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் முன்போலத் திறக்க முடியாமை, இவை ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும்.

இப்படிக் கண்ணால் பார்ப்பதில் என்ன பெரிய பலன் என்று நினைக்காதீர்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 1996இல் தொடங்கி, சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. பொகயிலையோ மதுவோ பாவிக்கிறவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. டோர்ச் லைட்டும் பழகின கண்ணும்தான் அங்கே கருவி.

படம் எடுக்கும் முறை

வருகிற படங்களில் பல மங்கலாக இருப்பதுதான் எல்லா நாட்டிலும் உள்ள கரைச்சல். ஆகவே பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். வீட்டில் போன் பிடிக்கப் போவது நீங்கள்தான்.

போனின் கண்ணாடியை முதலில் துணியால் துடையுங்கள். சமையல் எண்ணெய் பட்டிருக்கும். புண்ணில் பூசிய மஞ்சள், இலை, களிம்பு எல்லாவற்றையும் சுத்தமான தண்ணீரால் கழுவித் துடையுங்கள். வாய் என்றால் வெற்றிலைச் சாயம் போகக் கொப்பளியுங்கள். லயத்துக் காம்பராவுக்குள் இருட்டு. வாசலுக்கு வாருங்கள், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் போட்டால் நம் தோல் பளபளத்து உண்மை நிறம் தெரியாது. வாய்க்குள் எடுக்கும்போது மட்டும் பக்கத்திலிருந்து இன்னொருவர் டோர்ச் பிடிக்கலாம்.

மூன்று படம் போதும். முதலாவது தூரத்திலிருந்து, உடம்பில் எந்த இடம் என்று தெரிய. இரண்டாவது ஒரு சாண் தூரத்திலிருந்து நேராக, பிள்ளையின் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து, அளவு தெரிய. மூன்றாவது சரிவாகப் பக்கத்திலிருந்து, மேடா பள்ளமா என்று தெரிய. போனை இன்னும் கிட்டக் கொண்டு போனால் மங்கிவிடும். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கே தெளிவில்லை என்றால் டொக்டருக்கும் தெளிவிருக்காது. முகத்தை அழகாக்கும் வேலைகள் எதையும் அந்தப் படத்தில் செய்ய வேண்டாம்.

படத்தோடு நாலு வரி எழுதுங்கள். வயது, எத்தனை நாளாக இருக்கிறது, வளர்கிறதா, இரத்தம் வருகிறதா, அந்த இடத்தில் பழைய தழும்பு இருந்ததா, சீனி வருத்தம் உண்டா, வெற்றிலை, பொகயிலை, பீடி உண்டா. என் அப்பாவின் துண்டில் "பழைய சூட்டுத் தழும்பு, எட்டு மாதமாக ஆறவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால்கூடப் போதுமே!

யாருக்கு அனுப்புவது? உங்கள் தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரிடமோ குடும்பநல உத்தியோகத்தர் அம்மாவிடமோ முதலில் கேளுங்கள். உங்கள் பகுதி ஆஸ்பத்திரியில் படம் வாங்கிப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் அந்த நம்பருக்கு மட்டும் அனுப்புங்கள். ஏற்பாடு இல்லாவிட்டாலும் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், துண்டு எழுதுகிறவருக்கு அது உதவும். ஒரு மாதம் முந்தி எடுத்த படமும் இன்றைய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மாறுகிறதா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை.

இன்னொரு விசயம், மானம். அம்மாவின் இடுப்பையோ தாத்தாவின் வாயையோ அவர்கள் சம்மதிக்காமல் எடுக்காதீர்கள். கூட்டாளிகளுக்கு அனுப்பாதீர்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். முகம் தேவையில்லை என்றால் முகம் வரக் கூடாது. மறைவான இடம் என்றால் படமே வேண்டாம், மருத்துவமாதுவிடம் நேரில் காட்டுங்கள். போனில் களிம்பு விற்கிறவனிடம் படம் அனுப்பிக் காசை இழக்காதீர்கள்.

படம் செய்யாதது

படம் புற்றுநோய் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. கழலை இருக்கிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்க்கப் படத்துக்குக் கை இல்லை. தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சின்னத் துண்டுச் சதை எடுத்துச் சோதித்தால்தான் முடிவாகத் தெரியும். படம் செய்வது ஒன்றே ஒன்று, வரிசையில் உங்கள் இடத்தைச் சரியாக்குவது.

போனே நோயைச் சொல்லிவிடும் என்று சில செயலிகள் வந்திருக்கின்றன. தோல் புற்றுநோயைச் சொல்லும் அப்படியான செயலிகளை நம்பியிருக்க முடியாது என்று 2020இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு சொன்னது. இந்த வேலைக்குக் கணினிகளைப் பழக்கும் படத் தொகுப்புகளில் கறுத்தத் தோலின் படங்கள் மிகக் குறைவு என்று 2021இல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஆகவே போன் "பயமில்லை" என்று சொன்னால் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

டொக்டரே படத்தைப் பார்த்து "இப்போதைக்கு அவசரமில்லை" என்று சொன்னாலும், அது படம் எடுத்த அன்றைக்கு உள்ள கதை. பிறகு வளர்ந்தால், வெடித்தால், இரத்தம் வந்தால், திரும்பவும் காட்ட வேண்டும். அனுப்பி ஒரு கிழமையாகியும் பதில் இல்லை என்றால், பதில் இல்லாததை நல்ல செய்தி என்று எடுக்காதீர்கள், நேரில் போங்கள். நிற்காமல் இரத்தம் ஓடினால் படமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம், 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1980களின் தொடக்கத்தில் நம் நாட்டிலேயே சுகாதார ஊழியர்களைப் பழக்கி, மக்களின் வாயைப் பார்க்க வைத்தார்கள். அவர்கள் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் கணிசமானவர்கள் போகவேயில்லை. ஏன் போகவில்லை என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? ஒரு நாள் பேர். பஸ் காசு. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அதோடு பயம்.

அதனால் பெரியவர்களிடமும், தலைவர்மாரிடமும், தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். ஒருவரை வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தால், அந்த நாளுக்கு அவருடைய பேர் வெட்டப்படாமல் இருக்க வழி செய்யுங்கள். படம் ஒரு நிமிசத்தில் மகரகமைக்கே போய்விடும். ஆள் போக வேண்டுமே!

என் அப்பாவின் பதினொரு மாதத்தை நான் பல தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் ஆஸ்பத்திரி வரிசையில் போனது. அதைப் படம் குறைத்திருக்கும். மற்ற எட்டு மாதம் எங்கள் வீட்டுக்குள் போனது. அதை எந்த போனும் குறைக்காது. பெற்ற பிள்ளை ஒருத்தி வந்து "அப்பா, கட்டை அவிழுங்க, பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் குறைந்திருக்கும்.

இன்றைக்கு இரவு பஸ்ஸில் ஏறி மலைக்குத் திரும்பப் போகிறீர்கள். நாளைக்கு விடிந்ததும் வாசலில் வெளிச்சம் வரும். வீட்டில் வயதானவர்களை அந்த வெளிச்சத்தில் உட்கார வைத்து, காலைக் காட்டச் சொல்லுங்கள், வாயைத் திறக்கச் சொல்லுங்கள். தாத்தா ஏசுவார். ஏசட்டும், பரவாயில்லை.